ஒத்திகை அச்சுறுத்தவா, ஆயத்தப்படுத்தவா?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

பள்ளி மணிக்குப் பல பொருள் உண்டு. காலையில் ஒலித்தால் இறைவணக்கம். நண்பகலில் ஒலித்தால் உணவு. மாலையில் ஒலித்தால் வீடு. இம்மூன்றிலும் சேராத மணி ஒன்றும் உண்டு. நிறுத்தாமல் தொடர்ந்து ஒலிக்கும் அம்மணியைக் கேட்டதும் புத்தகத்தையும் பையையும் அப்படியே விட்டுவிட்டு, வரிசையாக மாடிப்படி இறங்கி, மைதானத்தில் போய் நிற்கவேண்டும். அதைத்தான் அவசரகால ஒத்திகை என்கிறோம்.

இவ்வொத்திகை தேவையா என்று நாங்கள் கேட்கவில்லை. தேவை என்பதில் எங்களுக்கு எள்ளளவும் ஐயமில்லை. அதை எப்படி நடத்தவேண்டும் என்பதைப் பற்றியே மாணவியராகிய நாங்கள் எங்கள் எண்ணத்தை இம்மலரில் எடுத்துரைக்க விழைகிறோம். பெரியோர்களாகிய அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் பெற்றோரும் இதைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம். ஒத்திகையில் இறங்கி ஓடுகிறவர்கள் நாங்களே ஆதலால், அது எங்களுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லவேண்டிய கடமையும் எங்களுடையதே அன்றோ?

மத்தேயு நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். முன்மதியுடைய ஐவரும் தங்கள் விளக்குகளுக்கு எண்ணெய் எடுத்துச் சென்றனர். மற்ற ஐவரும் மறந்தனர். நாங்கள் இங்கே எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான். அந்த ஐவரை யாரும் நள்ளிரவில் திடுக்கிடச் செய்து முன்மதி கற்பிக்கவில்லை. அமைதியான வேளையில், நிதானமாக அவர்கள் எண்ணெயை எடுத்து வைத்தார்கள். ஆயத்தம் என்பது அமைதியில் பிறப்பது. இதுவே எங்கள் வாதத்தின் சுருக்கம்.

ஒத்திகை ஏன் வேண்டும் என்பதற்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பற்றியது. சத்துணவுச் சமையலறையில் தொடங்கிய தீ, கூரை வேய்ந்த மாடி வகுப்பறைகளுக்குத் தாவியது. இறங்கிவரக் குறுகலான படி. 94 குழந்தைகள் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தொடக்கப்பள்ளிச் சிறார். அந்நாளை நினைத்தால் இன்றும் தமிழகத்துத் தாய்மார்களின் நெஞ்சம் பதறும். அதன்பின் பள்ளிகளில் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் இருக்கவேண்டும், அவற்றைக் கையாள ஆசிரியர்களும் ஊழியர்களும் பயிற்சி பெறவேண்டும் என்று கூறியது.

கத்தோலிக்கப் பள்ளி மாணவியராகிய நாம் அறிந்திருக்கவேண்டிய மற்றொரு துயரமும் உண்டு. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ‘வானதூதர்களின் அன்னை’ பள்ளி என்று ஒரு பங்குப்பள்ளி இருந்தது. 1958ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், பள்ளி விடுவதற்குச் சற்று முன்பு, நிலவறைப் படிக்கட்டின் அடியில் தீ மூண்டது. 92 மாணவ மாணவியரும், அவர்களுக்குக் கற்பித்த 3 அருட்சகோதரியரும் உயிரிழந்தனர். அங்கே குறை பிள்ளைகளிடம் இல்லை. மேல்தளத்தில் படிக்கட்டை அடைக்கக் கதவு இல்லாததால் புகை தடையின்றி நடைக்கூடத்தை நிறைத்தது. பள்ளியின் அபாய மணி தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்படவில்லை. சன்னல்களோ தரையிலிருந்து உயரத்தில் இருந்தன. குழந்தைகள் எவ்வளவு கீழ்ப்படிந்து நடந்தாலும் கட்டடம் கைவிட்டால் என்ன செய்ய முடியும்? இதையும் நாம் மனத்தில் கொள்ளவேண்டும்.

இவ்வளவு சொன்னபின், “அப்படியானால் ஒத்திகை எவ்வளவு கடுமையாக நடக்கிறதோ அவ்வளவு நல்லதுதானே?” என்று சிலர் கேட்கலாம். இங்குதான் நாங்கள் மாறுபடுகிறோம்.

2018ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் கோயம்புத்தூர் அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் ஒத்திகை நடந்தது. இரண்டாம் மாடியிலிருந்து மாணவியர் குதிக்கவேண்டும். கீழே மாணவர்கள் வலை விரித்துப் பிடித்திருப்பார்கள். பத்தொன்பது வயது மாணவி ஒருவர் விளிம்பில் அமர்ந்து குதிக்கத் தயங்கினார். பயிற்சியளித்தவர் அவரைத் தள்ளிவிட்டார். கீழ்த்தளத்துச் சன்ஷேடில் தலை மோதி அம்மாணவி உயிர்நீத்தார். பயிற்சியாளர் கைது செய்யப்பட்டார். அந்தப் பயிற்சிக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது.

அன்று அங்கே தீ இல்லை; நிலநடுக்கம் இல்லை; வெள்ளம் இல்லை. ஆபத்து என்று எதுவுமே இல்லை. ஆபத்திலிருந்து காக்கவந்த ஒத்திகையே ஆபத்தாயிற்று. எங்களுக்கு நான்கைந்து வயதே மூத்த ஓர் அக்காவின் தயக்கத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று ஒரு பெண் சொன்னால், அல்லது சொல்லாமல் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டால், அங்கேயே அந்த ஒத்திகை நின்றுவிடவேண்டும். இதைவிட முக்கியமான விதி வேறொன்று இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

உடலுக்கு நேரும் காயம் கண்ணுக்குத் தெரியும். உள்ளத்துக் காயமோ தெரிவதில்லை. அமெரிக்க நாட்டில் பள்ளிகளுக்குள் துப்பாக்கியுடன் நுழைந்து சுடும் கொடுமை பலமுறை நடந்திருப்பதால், அங்கே ஏறத்தாழ எல்லா அரசுப் பள்ளிகளிலும் கதவை அடைத்து விளக்கை அணைத்து ஒளிந்திருக்கும் ஒத்திகை நடைபெறுகிறது. சில இடங்களில் அது ஒத்திகை என்று சொல்லாமலே நடத்தினார்கள். இந்தியானா மாநிலத்தில் 2019 ஜனவரியில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியைகளைச் சுவரைப் பார்த்து முழந்தாளிடச் செய்து, பயிற்சி என்ற பெயரில் பிளாஸ்டிக் குண்டுகளால் முதுகில் சுட்டார்கள்! வளர்ந்தவர்களே வலி தாளாது அலறினார்கள் என்றால் குழந்தைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

114 பள்ளிகளைச் சார்ந்தவர்கள் இணையத்தில் எழுதியவற்றை, ஒத்திகைக்கு முன் 90 நாள், பின் 90 நாள் என்று ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். ஒத்திகைக்குப் பின் மனஅழுத்தமும் பதற்றமும் 42 விழுக்காடும், சோர்வு 39 விழுக்காடும் கூடியிருந்தன. 2020ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பிள்ளைகளை ஏமாற்றியும் அச்சுறுத்தியும் இத்தகைய ஒத்திகைகளை நடத்தக்கூடாது என்று அறிவுரை வழங்கியது. நியூயார்க் மாநிலம் 2024ஆம் ஆண்டில் இதற்கென விதிகளையே திருத்தியது. பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். இது ஒத்திகைதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். கொலைகாரன் போல் நடித்துக் காட்டுவது கூடாது என்பன அவ்விதிகளின் சாரம்.

துப்பாக்கி ஆபத்து நம் நாட்டுப் பள்ளிகளில் அப்படி இல்லை. அதற்காக இறைவனுக்கு நன்றி செலுத்துவோம். ஆனால் அச்சம் வேறு உருவில் வருகிறது. 2024 பிப்ரவரி 8ஆம் நாள் சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர் பதைபதைத்துப் பள்ளி வாயில்களில் குவிந்தனர். அதே ஆண்டு மே முதல் நாள் தில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அவ்வாறே வந்தது. எல்லாம் பொய் என்று பின்னர் தெரிந்தது. 2025 மே 7ஆம் நாள் நாட்டின் பல பகுதிகளில் போர்க்கால ஒத்திகை நடந்து சங்கொலி எழுப்பப்பட்டது. ஆக, மணியோசையும் சங்கொலியும் கேட்டால் “இது மெய்யா, பொய்யா?” என்று கலங்கும் காலத்தில் நாங்கள் படித்துக்கொண்டிருக்கிறோம். இந்நிலையில் ஒத்திகையும் சேர்ந்து எங்களைக் கலங்கடிக்க வேண்டுமா?

நல்ல ஒத்திகை எப்படி இருக்கும் என்பதற்கு ஜப்பான் நாடு சான்றாகும். 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அந்நாட்டின் வடகிழக்கே பெரும் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலையும் வந்தன. கமாய்ஷி என்னும் கடற்கரை ஊரில் நடுநிலைப்பள்ளி ஒன்றும் தொடக்கப்பள்ளி ஒன்றும் அருகருகே இருந்தன. நில அதிர்ச்சி நின்றதுமே பெரிய பிள்ளைகள் மேட்டுநிலம் நோக்கி விரைந்தனர். மாடிக்குப் போயிருந்த சிறு பிள்ளைகள் அதைக் கண்டு தாங்களும் இறங்கிப் பின்தொடர்ந்தனர். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பற்றிக்கொண்டனர். முதலில் போய் நின்ற இடம் போதாது எனக் கண்டு இன்னும் மேலே சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற பள்ளிக் கட்டடங்களை அலை மூடியது. அவ்வூரில் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 3000 பேர். பள்ளியின் பொறுப்பில் இருந்த அனைவரும் உயிர் தப்பினர்.

இதன் காரணம் என்ன? தோஷிடாகா கடாடா என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக அப்பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தார். முன்கூட்டிப் போட்ட கணக்கை நம்பி இருந்துவிடாதே. அந்த நேரத்தில் உன்னால் ஆனமட்டும் செய். பிறருக்குக் காத்திராமல் முதலில் நீ புறப்படு. இம்மூன்றுமே அவர் தந்த பாடம். ஊர் வரைபடத்தில் தங்கள் வீட்டையும் பள்ளியையும் குறித்து, எங்கே அலை வரும், எங்கே ஓடலாம் என்று பிள்ளைகளே ஆராய்ந்தனர். அவர் அவர்களுக்கு ஊட்டியது அறிவேயன்றி அச்சமன்று.

அதே நாளில், இஷினோமாகி என்ற ஊரில் ஒகாவா தொடக்கப்பள்ளியில் நடந்ததோ வேறு. பிள்ளைகள் ஒழுங்காக மைதானத்தில் வரிசையில் நின்றார்கள். எங்கே போவது என்று பெரியவர்கள் முடிவு செய்ய ஏறத்தாழ 50 நிமிடம் ஆயிற்று. பள்ளிக்குப் பின்புறமே குன்று இருந்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டனர். பள்ளியின் பாதுகாப்புத் திட்டம் குறைபாடுடையது என்று 2018இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் ஜப்பான் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. வரிசையில் நிற்கப் பழகினால் மட்டும் போதாது, அடுத்து எங்கே என்பதும் முடிவாகியிருக்கவேண்டும் என்பதே அந்தப் பிள்ளைகள் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

நம் கரைக்கும் ஆழிப்பேரலை வந்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் பட்ட பாட்டை நம் பெற்றோர் அறிவர். அதே நாளில் தாய்லாந்து நாட்டுக் கடற்கரை ஒன்றில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, கடல்நீர் நுரைத்து வித்தியாசமாக நடந்துகொள்வதைக் கண்டு, “ஆழிப்பேரலை வருகிறது” என்று தன் பெற்றோரிடம் வற்புறுத்திச் சொன்னாள். கரையில் இருந்த ஏறத்தாழ நூறு பேர் காப்பாற்றப்பட்டனர். அவள் அதைக் கற்றது சங்கொலியிலோ ஓட்டத்திலோ அன்று. இரண்டு வாரத்திற்கு முன் புவியியல் வகுப்பில், பெஞ்சில் அமர்ந்து கற்றாள். அமைதியாகக் கற்றது ஆபத்தில் உதவும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இனி நம் பள்ளிக்கு வருவோம். இங்கே நடக்கும் ஒத்திகைகளில் பெரிய குறை ஏதும் நேர்ந்ததில்லை. ஆயினும் ஆறாம் வகுப்புத் தங்கைகள் மணி கேட்டதும் அழுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். “அக்கா, நிஜமாகவே தீயா?” என்று எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். 2015இல் சென்னை வெள்ளத்தைக் கண்டவர்களும், 2018இல் கஜா புயலில் வீட்டுக் கூரை பறந்ததைக் கண்டவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அப்போது அவர்களுக்கு ஐந்தாறு வயதுதான் இருக்கும். ஆனாலும் பெருஞ்சத்தம் கேட்டால் அவர்களுக்கு இன்னமும் உள்ளங்கை வேர்க்கிறது. இது கோழைத்தனமன்று; பட்ட மனம் படும் பாடு.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு நடப்பது சிரமம். ஊன்றுகோல் துணையுடன் மாடி ஏறி வருகிறாள். ஒத்திகை நாளில் அவள் சிரமப்படவேண்டாம் என்று கருணையோடு அவளை வகுப்பிலேயே அமரச் சொல்லிவிடுவது வழக்கம். நாங்கள் அனைவரும் இறங்கியபின் காலியான வகுப்பில் அவள் ஒருத்தி மட்டும் இருப்பாள். ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னாள்: “நீங்கள் எல்லாரும் தப்பிக்கப் பழகுகிறீர்கள்டீ. நான் மட்டும் மாடியில் தங்கிவிடப் பழகுகிறேன்.” அவள் சிரித்தாள், எங்களால் சிரிக்க முடியவில்லை. யாருக்கு உதவி மிகுதியாகத் தேவையோ அவளை விட்டுவிட்டு நடக்கும் ஒத்திகை முழுமையான ஒத்திகை ஆகுமா? தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச்சென்ற நல்லாயனின் பிள்ளைகள் அல்லவா நாம்?

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, நாங்கள் பணிவுடன் முன்வைக்கும் கருத்துகள் பின்வருமாறு:

1. ஒத்திகை எப்போது என்பதை மாணவியருக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். மணி அடிக்குமுன் ஒலிபெருக்கியில் “இது ஒத்திகை” என்று சொல்லவேண்டும். நன்கு பழகியபின், வாரத்தை மட்டும் சொல்லி நேரத்தைச் சொல்லாமல் நடத்தலாம். அப்போதும் “இது ஒத்திகை” என்ற அறிவிப்பு முதலில் வரவேண்டும்.

2. படிப்படியாகக் கற்பிக்கவேண்டும். முதலில் ஒரு வகுப்பு மட்டும் மணியே இல்லாமல் மெதுவாக நடந்து வழியைப் பழகட்டும். அடுத்து ஒரு தளம் முழுவதும். அதன்பின் பள்ளி முழுவதும். நீந்தத் தெரியாத பிள்ளையை முதல் நாளே ஆழக் கிணற்றில் தள்ளுவார் உண்டோ?

3. மாடியிலிருந்து குதிக்கவைப்பதும், கயிற்றில் இறக்குவதும், டயரைக் கொளுத்திப் புகை எழுப்புவதும், இரத்தக் காயம் போல் வேடமிட்டுக் காட்டுவதும் அறவே கூடாது. ஆஸ்துமா உள்ள தோழியருக்குச் சிறிது புகையும் கேடு. தீயணைப்பு நிலையத்தார் வந்து தீயை அணைத்துக் காட்டும்போது நாங்கள் தொலைவில் நின்று பார்த்தாலே போதும். பயிற்சி அளிப்பவர் யார், எத்துறையால் அனுப்பப்பட்டவர் என்பதை நிர்வாகம் உறுதி செய்துகொண்ட பின்பே எங்களிடம் அனுப்பவேண்டும்.

4. எந்த வகுப்பு எந்தப் படி வழியாக இறங்குவது என்பதை எழுதி ஒவ்வொரு வகுப்பறைக் கதவின் உட்புறமும் ஒட்டவேண்டும். எல்லாரும் ஒரே படிக்கு ஓடினால் தீயைவிட நெரிசலே முதலில் கொல்லும். ஓடாதே, தள்ளாதே, கத்தாதே, திரும்பி வராதே என்னும் நான்கு சொற்களும் மனப்பாடமாகட்டும். கமாய்ஷியில் நடந்ததுபோல் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவியர் ஆறாம் வகுப்புத் தங்கைகளுக்குக் கைத்துணையாகப் பழகட்டும். அதற்கு நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

5. நடக்கச் சிரமப்படுவோர், பார்வை குறைந்தோர், செவி கேளாதோர், காய்ச்சலில் படுத்திருக்கும் விடுதி மாணவியர் ஆகிய ஒவ்வொருவருக்கும் இரு தோழியரும் ஓர் ஆசிரியையும் பொறுப்பேற்கவேண்டும். ஒரு தோழி விடுப்பில் இருந்தால் அவளுக்குப் பதில் யார் என்பதும் முடிவாகியிருக்கவேண்டும். இயன்றால் அவர்களின் வகுப்பைக் கீழ்த்தளத்திலேயே அமைத்துத் தரலாம். செலவில்லாத உதவி இது.

6. மைதானத்தில் வந்து நின்றதும் வருகைப் பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கவேண்டும். கழிவறையிலும் ஆய்வுக்கூடத்திலும் நூலகத்திலும் இருந்தவர்கள் வந்தார்களா என்பது அப்போதுதான் தெரியும். எத்தனை நிமிடத்தில் இறங்கினோம் என்பதைவிட, யாரும் விடுபடவில்லையா என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும். மைதானமே பாதுகாப்பற்றதாகிவிட்டால் அடுத்து எங்கே செல்வது என்பதும் முடிவாகட்டும்.

7. ஒத்திகை முடிந்ததும் உடனே கணக்குப் பாடத்திற்குத் திரும்பாமல் பத்து நிமிடம் வகுப்பாசிரியையுடன் பேசவிடவேண்டும். எது பயமாக இருந்தது, எங்கே நெரிசல் ஆயிற்று, மணி கேட்டதா என்று கேட்டால் நாங்கள் உள்ளதைச் சொல்வோம். மிகவும் அஞ்சும் பிள்ளை இருந்தால் அவளை முன்னதாகவே தனியே அழைத்துப் பேசி, அடுத்தமுறை ஆசிரியையின் பக்கத்திலேயே நடக்கச் செய்யலாம்.

8. ஒத்திகையில் தெரியவரும் கட்டடக் குறைகளை ஒரு நோட்டில் குறித்து, அடுத்த ஒத்திகைக்குள் சரிசெய்யவேண்டும். பின்வாசல் பூட்டின் சாவி யாரிடம்? படியடியில் உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றனவா? கதவு வெளிப்புறமாகத் திறக்கிறதா? தீயணைப்புக் கருவியின் காலக்கெடு முடிந்துவிட்டதா? ஒத்திகை என்பது மாணவியருக்கு வைக்கும் தேர்வு மட்டுமன்று. கட்டடத்திற்கும் வைக்கும் தேர்வு. சிக்காகோவில் தேறாமல் போனது கட்டடமே என்பதை மேலே கண்டோம்.

இக்கருத்துகளுக்கு மறுப்புச் சொல்வோரும் இருக்கக்கூடும். “முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள், திடீரென நடத்தினால்தான் உண்மை தெரியும்” என்பது முதல் மறுப்பு. திடீர்த் தேர்வு வைப்பதாக இருந்தாலும் பாடம் நடத்திய பிறகுதானே வைக்கிறோம்? வழியே தெரியாத பிள்ளையைத் திடீரெனக் கலங்கடித்தால் அவளுக்கு வழி தெரியாது என்பது மட்டுமே தெரியவரும். மேலும், ஏமாற்றி நடத்திய ஒத்திகைகள் கூடினால் ஒரு கேடு உண்டு. “இதுவும் ஒத்திகையாகத்தான் இருக்கும்” என்று உண்மை மணிக்கும் அசையாமல் இருப்போம். “புலி வருது, புலி வருது” என்று விளையாட்டுக்குக் கூவிய சிறுவனின் கதை நாம் அறிந்ததே. “ஒத்திகை என்றால் ஒத்திகை என்று சொல்வார்கள், சொல்லாமல் அடித்தால் அது மெய்” என்ற நம்பிக்கை இருந்தால்தான் உண்மை மணிக்கு நாங்கள் உடனே எழுவோம்.

“எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை, இக்காலப் பெண்கள் மிகவும் தொட்டாற்சிணுங்கிகள்” என்பது இரண்டாவது மறுப்பு. பெரியவர்கள் வாயால் கேட்கும்போது எங்களுக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது. நாங்கள் கடினத்திற்கு அஞ்சவில்லை. பத்து முறை படியேறி இறங்கச் சொன்னாலும் இறங்குகிறோம். அச்சம் அளவு மீறினால் காதில் விழுந்தது மூளைக்கு எட்டாது. கால் தானே ஓடும். வகுப்பில் அடிக்கு அஞ்சி ஒப்பிக்கும்போது தெரிந்த பாடமும் மறந்துபோவதை யார்தான் அறியார்? பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

“பாடவேளை வீணாகிறதே” என்பது மூன்றாவது. பொதுத்தேர்வு எழுதப்போகும் எங்களுக்கு நேரத்தின் அருமை தெரியும். ஆனால் மாதம் ஒருமுறை ஒரு பாடவேளையில் பாதியைக் கொடுத்தால் ஆண்டு முழுவதற்கும் ஏழெட்டுப் பாடவேளைகூட ஆகாது. உயிரோடு இருந்தால்தானே தேர்வும் மதிப்பெண்ணும்!

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒத்திகை நாளில் உங்கள் மகள் வீட்டிற்கு வந்ததும், “என்ன செய்தாய், எந்தப் படியில் இறங்கினாய்?” என்று கேளுங்கள். “ஐயோ, என் கண்ணே, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே!” என்று நீங்கள் பதறினால் அவளும் பதறுவாள். வீட்டிலும் சமையல் எரிவாயு கசிந்தால் என்ன செய்வது என்பதை ஒருநாள் அமர்ந்து பேசுங்கள். உண்மையாகவே பள்ளியில் ஏதேனும் நேர்ந்தால் எந்த வாயிலில் காத்திருக்கவேண்டும் என்பதைப் பள்ளி சொல்லியபடி கேளுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய முயன்றால் தீயணைப்பு வண்டிக்கு வழி கிடைக்காது.

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. ஒத்திகையில் சிரித்துப் பேசி வரிசையைக் குலைப்பவர்கள் தங்களுக்கு மட்டும் தீங்கு செய்வதில்லை. பின்னால் வரும் சின்னத் தங்கையின் வழியையும் அடைக்கிறார்கள். அழுகிறவளைக் கேலி செய்வதும் கூடாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இது ஒத்திகைதான், என்னோடு வா” என்று சொல்வது எவ்வளவு எளிது!

எங்கள் பேச்சில் சற்று உரிமை மிகுந்திருப்பின் பெரியோர் பொறுத்தருள்க. எங்களைத் தம் பிள்ளைகளாக எண்ணி வளர்ப்பவர்களிடம் கேளாமல் வேறு யாரிடம் கேட்போம்? வரும் கல்வியாண்டின் முதல் ஒத்திகையில், ஊன்றுகோல் ஊன்றி வரும் எங்கள் தோழியும் இரு தோழியரின் நடுவே மைதானத்தில் நின்று, தன் பெயர் கூப்பிடும்போது “உள்ளேன் சிஸ்டர்” என்று சொல்லவேண்டும். அதைக் கேட்டபின் ஒத்திகை முடிந்ததாக அறிவிக்கட்டும். நம்மைக் காக்கும் வானதூதர் நம்மோடு இருப்பாராக.